மிச்சிகன் கோடையும் பழைய கார்களும்: குடும்பத்தோடு பார்க்க ஒரு வழி

மிச்சிகனில் வசந்தகால மழை நன்றாகப் பெய்து, பனிக்காலத்தில் சாலையில் கொட்டிய உப்பெல்லாம் கழுவிப் போகும்வரை பழைய கார்கள் கராஜை விட்டு வெளியே வராது. உப்பு பட்டால் அடித்தகடு துருப்பிடித்துவிடும். அப்புறம் ஜூனில் தொடங்கி செப்டம்பர் பாதிவரை எங்கே திரும்பினாலும் கண்காட்சிதான். பெரிய மியூசியத்திலும் நடக்கும், ஐஸ்கிரீம் கடை பார்க்கிங்கிலும் நடக்கும். டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிறோம். காரை நம்பிப் பிழைக்கும் நாம் இந்தக் கோடையை மாலிலும் நயாகராவிலும் மட்டும் கழித்துவிடக் கூடாது என்பது என் ஆசை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் நோவையில் இருக்கிறோம். எனக்கு பிரேக் பிரிவில் வேலை. அப்பா திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் லாரிக்கும் பட்டறை வைத்திருந்தவர், கோடையில் எங்களோடு வந்து தங்குவார். வீட்டுக்காரர், பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன். இந்த ஐந்து பேரையும் ஒரே வண்டியில் ஏற்றி, வெயிலில் நாள் முழுக்க நடக்கவைத்து, யாரும் முகம் சுளிக்காமல் வீட்டுக்குக் கூட்டி வர ஒரு வழி இருக்கிறது.

ஆளுக்கு ஒரு பாகம்

கண்காட்சிக்குப் போனால் முந்நூறு, நானூறு வண்டிகள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் ஒரு மணி நேரத்தில் கண் மரத்துவிடும். பளபளவென்று சிவப்பு, பளபளவென்று நீலம், அவ்வளவுதான் மனதில் தங்கும். பிள்ளைகள் போனைக் கேட்க ஆரம்பிப்பார்கள்.

அதனால் கோடை தொடங்கும்போதே ஆளுக்கு ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கோடை முழுக்க, எந்தக் கண்காட்சிக்குப் போனாலும், அவரவர் அந்தப் பாகத்தை மட்டும்தான் துரத்த வேண்டும். எங்கள் வீட்டில் எனக்கு பிரேக். மகளுக்கு ஹெட்லைட். வீட்டுக்காரருக்குக் காரின் பின்பக்கம், அதாவது இறக்கைபோலத் துருத்தி நிற்கும் தகடுகளும் டெயில் லைட்டும். மகனுக்கு பானெட் நுனியில் நிற்கும் பொம்மைகள். அப்பாவுக்கு மட்டும் விதிவிலக்கு: பானெட் திறந்திருந்தால் அங்கே நிற்பார்.

ஒரு பாகத்தை மட்டும் பார்த்தால் மற்றதெல்லாம் போய்விடாதா என்று கேட்கலாம். நடப்பது நேர்மாறு. ஹெட்லைட்டை மட்டும் தேடிக்கொண்டு நடந்த என் மகளுக்கு இப்போது தூரத்தில் வரும் வண்டி எந்தக் காலத்தது என்று முகத்தை வைத்தே சொல்ல வருகிறது. ஆரம்பகால வண்டிகளில் கார்பைடு வாயுவில் எரியும் பித்தளை விளக்கு. ஃபோர்டு மாடல் டி 1915-இல்தான் மின்விளக்குக்கு மாறியது. பியர்ஸ்-ஆரோ கம்பெனி விளக்கை மட்கார்டுக்கு மேலேயே வளர்த்துவிட்டதுபோல வைத்தது. 1936 கார்டு 810-இல் விளக்குகள் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும்; டேஷ்போர்டின் இரு முனையிலும் உள்ள கைப்பிடியை ஓட்டுநர் சுற்றினால்தான் வெளியே வரும். 1940 மாடல்களில் ஏழு அங்குல வட்ட விளக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாகிவிட்டது. 1958 வாக்கில் இரண்டு நான்கானது. இடையில் 1948 டக்கர்: மொத்தமே 51 வண்டிகள், நடுவில் மூன்றாவதாக ஒரு கண், ஸ்டியரிங் திரும்பும்போது அதுவும் திரும்பும். இதையெல்லாம் நான் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை. நோட்டில் வரைந்துகொண்டே வந்தவள் தானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு பானெட் பொம்மையைவிட நல்ல பாகம் கிடையாது. அவர்கள் உயரத்துக்குச் சரியாக இருக்கும், மிருகமும் பறவையுமாக இருக்கும். லிங்கனில் ஓடும் வேட்டைநாய், டாட்ஜில் ஆட்டுக்கடா, பேக்கர்டில் சிறகு விரித்த நீர்ப்பறவை, பியர்ஸ்-ஆரோவில் வில்லாளி. ஒரு பெயர்ப்பட்டியல் எழுதிக் கையில் கொடுத்து, பார்த்ததை அடிக்கச் சொன்னால் மத்தியானம்வரை தொல்லை இல்லை.

முதலில் டியர்பார்ன்

தொடங்க நல்ல இடம் டியர்பார்னில் உள்ள கிரீன்ஃபீல்டு வில்லேஜ், பழைய கிராமம்போல அமைத்த திறந்தவெளி மியூசியம். ஜூனில் தந்தையர் தின வாரக்கடைசியில் அங்கே மோட்டார் மஸ்டர் என்ற பழைய கார் விழா நடக்கும். 1933 முதல் 1970கள் வரையிலான வண்டிகள் நூற்றுக்கணக்கில் வரும். கிராமத்துக்கான நுழைவுச் சீட்டிலேயே இதுவும் அடங்கும். ஆண்டு உறுப்பினராகிவிட்டால் செப்டம்பரில் அங்கேயே நடக்கும் இன்னொரு விழாவுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து பேர் குடும்பத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

வயதானவர்களோடு போகும்போது அங்கே ஒரு வசதி உண்டு. வண்டிகளை ஒவ்வொன்றாக மெதுவாக ஓட்டிவரச் செய்து, தெரிந்தவர் ஒருவர் மைக்கில் அதன் கதையைச் சொல்வார். அப்பா ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், கார்கள் அவரைத் தேடி வரும். வண்டி நிற்கும்போது தெரியாதது ஓடும்போது தெரியும். எட்டு சிலிண்டர் ஒரே வரிசையில் உள்ள எஞ்சினுக்கும் வி-எட்டுக்கும் சத்தத்தில் உள்ள வித்தியாசத்தை அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

காலை பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். கூட்டம் இல்லாததோடு, பெயின்டைப் பார்க்க அப்போதுதான் வெளிச்சம் சரியாக விழும். அப்பா சொல்லிக் கொடுத்த பட்டறை வித்தை இது: காருக்கு நேரே நின்று பார்க்காதீர்கள். பின் மட்கார்டு பக்கம் போய்க் குனிந்து, கதவுகளின் ஓரமாகவே முன்னால்வரை கண்ணை ஓட்டுங்கள். சாய்ந்த வெயிலில் தகடு நேராக இருந்தால் பெயின்டில் தெரியும் மரத்தின் பிம்பம் நேராக ஓடும். பட்டி வைத்துத் தேய்த்த இடத்தில் அந்தப் பிம்பம் லேசாக நெளியும். உச்சிவெயிலில் இது தெரியாது. தெரிந்ததை உரிமையாளரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, நமக்குத் தெரிந்தால் போதும்.

தொடாமல் பார்ப்பது

யாருடைய காரையும் தொடக் கூடாது. சாயக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, பிள்ளையைத் தூக்கி பானெட்மேல் வைத்துப் படம் எடுக்கக் கூடாது. இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். நம் வீடுகளுக்கென்று சில உண்டு: கண்ணாடி வளையல், தோளில் தொங்கும் பையின் ஜிப், இடுப்பில் பெல்ட் பக்கிள். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கும்போது இவைதான் உரசும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவது நல்ல பழக்கம். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்துவிட்டோம். ஐஸ்கிரீமை வரிசைக்கு வெளியே தின்று முடித்துவிட்டு உள்ளே வரட்டும்.

பின்னால் மடக்கு நாற்காலியில் இருப்பவர்

ஒவ்வொரு காருக்கும் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அறுபது, எழுபது வயதுக்காரர். பேசாமல் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் கண்காட்சி என்பதே அவர்தான். அந்தக் காரை அவிழ்த்து மாட்டியவர், இல்லாத சாமானுக்கு நாடு முழுக்கத் தேடி அலைந்தவர். நாம் போய்ப் பேச வேண்டும் என்று காத்துக்கொண்டுதான் இருப்பார்.

என்ன விலை என்று தொடங்காதீர்கள். எத்தனை மைல் கொடுக்கும் என்றும் கேட்காதீர்கள். எந்தச் சாமான் கிடைக்கத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். எழுந்து நின்றுவிடுவார். உங்கள் பாகம் ஒன்று கையில் இருந்தால் இன்னும் சுலபம். உங்கள் காரின் பிரேக்கைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒரு பெண் வந்து கேட்டால் அவர்களுக்கு அது புதுசு.

இதற்கு நான் பரிந்துரைக்கும் இடம் ஹிக்கரி கார்னர்ஸில் உள்ள கில்மோர் கார் மியூசியம். எங்கள் வீட்டிலிருந்து மேற்கே சுமார் இரண்டு மணி நேரம். 1966-இல் திறந்தது. பழைய மரக் களஞ்சியங்கள், சுற்றிலும் புல்வெளி, கேடிலாக், லிங்கன், பியர்ஸ்-ஆரோ, மாடல் ஏ என்று தனித்தனிக் கட்டடங்கள். கோடையில் அந்தப் புல்வெளியில் அடிக்கடி ஏதாவது ஒரு வகைக் கார்களின் கூட்டம் நடக்கும். டெட்ராய்ட் பக்கத்து நெரிசல் இல்லாததால் ஆற அமரப் பேசலாம். கால் வலித்தால் 1941-இல் செய்த பழைய டைனர் (சிறிய சாப்பாட்டுக் கடை) ஒன்றைக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறார்கள், அதில் போய் உட்காரலாம்.

அங்கேதான் அப்பா அறுபதுகளின் ராம்பிளர் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். அலங்காரம் ஒன்றும் இல்லாத, யாரும் நின்று பார்க்காத வெளிர்பச்சைக் குடும்பக் கார். பானெட் திறந்திருந்தது. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மிதியை அழுத்தினால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

“ஏங்கண்ணு, இதுல பிரேக் ஆயிலுக்கு ரெண்டு அறை வெச்சிருக்கறானுங்க. வண்டி எந்த வருசம்னு அவருகிட்டக் கேளு.”

மகள் கேட்டாள். உரிமையாளர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகள் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே குழாய்வழிதான். எங்காவது ஒரு இடத்தில் ஒழுகினால் மிதி தரையோடு போய்விடும், பிரேக் சுத்தமாக இருக்காது. ராம்பிளரும் கேடிலாக்கும்தான் 1962-இலேயே இரண்டு அறை வைத்து, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும்படி செய்தன. நாட்டில் எல்லாக் கார்களுக்கும் அது வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. குதிரைசக்தியையே கேட்டுக் கேட்டு அலுத்த மனிதரிடம், அந்தக் கார் செய்த நல்ல காரியத்தைச் சரியாகச் சுட்டிக் காட்டியிருக்கிறார் அப்பா. உரிமையாளர் டார்ச்சை எடுத்துவந்து குழாய் எங்கே பிரிந்து போகிறது என்று காட்ட, அப்பா தமிழிலேயே பதில் சொல்ல, நடுவில் என் மகள் மொழிபெயர்க்க, அரைமணி நேரம் போனது. கடைசிப் பத்து நிமிடம் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் கோவிலுக்கும் கடைக்கும் மட்டும் கூட்டிப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வண்டி ஓட்டியவர், பட்டறை வைத்தவர், மில்லில் ஃபிட்டராக இருந்தவர் என்றால் இங்கே அவர் விருந்தாளி இல்லை, விஷயம் தெரிந்தவர்.

வுட்வர்ட் சாலையில் ஒரு மாலை

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் டிரீம் குரூஸ். 1995-இல் ஃபெர்ண்டேலில் பிள்ளைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்க நிதி திரட்டத் தொடங்கியது. இப்போது ஃபெர்ண்டேலிலிருந்து பான்டியாக்வரை சுமார் 16 மைல் நீளத்துக்கு வுட்வர்ட் அவென்யூவே கண்காட்சி. டிக்கெட் கிடையாது. 1909-இல் இந்தச் சாலையின் ஒரு மைலுக்குத்தான் அமெரிக்காவிலேயே முதன்முதலில் அவ்வளவு நீளத்துக்கு கான்கிரீட் போட்டார்கள். அறுபதுகளில் இதே சாலையில் இளைஞர்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் ஓட்டினார்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் சனிக்கிழமையை விட்டுவிட்டு வியாழன் அல்லது வெள்ளி மாலை போங்கள். சனியன்று நெரிசலில் கார்கள் நகரவே நகராது, எஞ்சின் சூடாகி ஓரங்கட்டி நிற்கும் வண்டிகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். முந்தைய மாலைகளில் அதே கார்கள் ஓடும். மாலையில் சாலையின் மேற்குப் பக்கம் நாற்காலி போட்டால் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். முகத்தில் அடிக்காது, குரோமும் நன்றாக மின்னும். வுட்வர்ட் நடுவில் அகலமான புல்வெளி உண்டு, வண்டிகள் அதில் உள்ள திருப்பத்தில் வளைந்து எதிர்ப்பக்கம் வரும். அதனால் பிடித்த கார் ஒன்று போய்விட்டதே என்று எழுந்து ஓடாதீர்கள். பெரும்பாலும் திரும்ப வரும்.

வீட்டுக்காரருக்கு அந்த மாலைதான் திருவிழா. 1948 கேடிலாக்கில் சின்னதாக முளைத்த இறக்கை, போர்விமானத்தைப் பார்த்து வந்தது, 1959-இல் உச்சத்துக்குப் போய், அப்புறம் வருடாவருடம் அடங்கிப்போனது. அந்தப் பத்துப் பதினைந்து வருடக் கதை அவர் கண்முன்னே முதுகைக் காட்டிக்கொண்டே போகும்.

எடுத்துப் போக வேண்டியவை: சின்னப் பிள்ளைகளுக்குக் காது மூடும் ஹெட்போன் (சைலன்சர் இல்லாத வண்டிகள் அருகில் வந்து உறுமினால் அழுதுவிடுவார்கள்), மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டியில் தயிர்சாதம், எலுமிச்சை சாதம், நிறையத் தண்ணீர். கழிவறை இருக்கும் கடை அல்லது நூலகத்துக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பது, கார் நன்றாகத் தெரியும் இடத்தில் பிடிப்பதைவிட முக்கியம். இது அப்பா, அம்மாக்களோடு போகிறவர்களுக்குப் புரியும். போனில் மழை வரைபடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே கூரை இல்லாத கார்க்காரர்கள் திடீரென்று கிளம்பினால் மேகத்தைப் பார்க்கத் தேவையில்லை, நீங்களும் கிளம்பலாம்.

ஆபர்னும் திரும்ப டியர்பார்னும்

லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) வாரக்கடைசியில் இரண்டரை மணி நேரம் தெற்கே இந்தியானா மாநிலத்தின் ஆபர்ன் ஊருக்குப் போகலாம். ஆபர்ன், கார்டு, டூசன்பெர்க் என்ற மூன்று பழைய கார் வகைகளுக்கும் 1956 முதல் அங்கே விழா நடக்கிறது. 1930-இல் கட்டிய ஆபர்ன் கம்பெனித் தலைமையகம்தான் இப்போது மியூசியம். சனிக்கிழமை ஊர்வலம் முடிந்ததும் கார்களை ஊர் நடுவில் நிறுத்துவார்கள். மகளுக்கு அங்கே கார்டு, எனக்கு டூசன்பெர்க்: 1921-இலேயே நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும்) பிரேக் போட்ட முதல் அமெரிக்கத் தயாரிப்பு அது. ஃபோர்டு அதற்கு வர 1939 ஆனது.

நேரம் ஒரே ஒரு விழாவுக்குத்தான் இருக்கிறது என்றால் ஆபர்னை விட்டுவிட்டு அதற்கடுத்த வாரம் டியர்பார்னில் நடக்கும் ஓல்டு கார் ஃபெஸ்டிவலுக்குப் போங்கள். 1951 முதல் நடக்கிறது, 1932 வரையிலான வண்டிகள் மட்டும். இங்கே கார்கள் காட்சிக்கு நிற்பதில்லை, நாள் முழுக்க மண்வாசனையும் எண்ணெய்ப் புகையுமாகத் தெருவில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு குழு மாடல் டி ஒன்றைப் பாகம் பாகமாக மாட்டி, சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டும். அதைத் தவறவிடாதீர்கள்.

மாடல் டியைக் கையால் சுற்றிக் கிளப்புவதை நெருங்கி நின்று பாருங்கள். முதலில் ஓட்டுநர் கைப்பிரேக்கைப் பின்னால் இழுப்பார். அதுதான் வண்டியை நியூட்ரலிலும் வைக்கும், இல்லாவிட்டால் கிளம்பியவுடன் வண்டி சுற்றுகிறவர்மேலேயே ஏறும். ஸ்டியரிங்குக்குக் கீழே இடதுபக்கக் குச்சியை மேலே தள்ளி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவார். முன்னால் வந்து எஞ்சினைச் சுற்றும் கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரலைப் பாருங்கள்: கம்பியைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக இருக்கும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியாமல் இருக்க இந்த ஏற்பாடு. கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டால் உடனே ஓடிப்போய் ஸ்பார்க் குச்சியைக் கீழே இறக்குவார், சத்தம் சீராகும்.

அப்புறம் காலடியைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மிதி இருக்கும், ஒன்றும் நாம் நினைக்கும் இடத்தில் இருக்காது. இடது மிதி முழுக்க அழுத்தினால் முதல் கியர், விட்டால் பெரிய கியர். நடுவில் ரிவர்ஸ். வலதுபக்கம், நாம் ஆக்சிலேட்டர் என்று மிதிக்கும் இடத்தில், பிரேக். அந்த பிரேக்கும் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பெட்டிக்குள் சுழலும் டிரம்மை ஒரு பட்டை இறுக்கும். ஆக்சிலேட்டர் கையில். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்து தானாக வழிந்து வருவதால், செங்குத்தான மேட்டில் எஞ்சினுக்கு பெட்ரோல் எட்டாமல் போகும். அப்போது வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினார்கள். இதை அப்பாவுக்குச் சொன்னபோது, ஏற்காடு மலை ஏறினால் எப்படியிருக்கும் என்று மகனோடு சேர்ந்து வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். இப்படி ஒன்றரைக் கோடி வண்டிகள் 1927 வரை செய்தார்கள், ஓட்டக் கற்றுக்கொண்டது நம்மைப் போன்ற சாதாரண மக்கள்தான். அங்கே மாடல் டியில் ஏறிச் சுற்றிவரத் தனிக் கட்டணம் உண்டு. ஓட்டுநருக்குப் பக்கத்து இடத்தை உங்கள் வீட்டில் வண்டி தெரிந்தவருக்குக் கேட்டு வாங்குங்கள், மற்றவர்கள் பின்னால் உட்காரலாம்.

சனிக்கிழமை என்றால் இருட்டும்வரை இருங்கள். பழைய விளக்குகளை ஏற்றிக்கொண்டு கார்கள் ஊர்வலம் போகும். ஹெட்லைட்டைத் தேர்ந்தெடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதைக் காட்டாமல் கூட்டி வரக் கூடாது.

ஒன்றே ஒன்று: இந்த விழா செப்டம்பர் இரண்டாம் வாரம்வரை தள்ளிப்போகக்கூடும். பள்ளி திறக்கிறது என்று பெற்றோருக்குப் பலரும் ஆகஸ்ட் கடைசியிலேயே திரும்பும் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அந்த வருடத் தேதியைப் பார்த்துவிட்டு, அதற்கு மறுநாளோ அதற்குப் பிறகோ போடுங்கள்.